எட்டாவது குறி

ஆபரேஷன் தியேட்டருக்குப் புதுப் பேனா வந்தால் முதலில் என் இடது முன்கையில் ஒரு கோடு போடுவேன். காயவிட்டு, ஸ்பிரிட் பஞ்சால் மூன்று முறை அழுத்தித் துடைப்பேன். கோடு அப்படியே இருந்தால்தான் அந்தப் பேனா நோயாளியின் காலுக்குப் போகும். இதைப் பார்த்து நீங்கள் எல்லோரும் சிரித்திருக்கிறீர்கள். "ஏழுமலை அண்ணன் பச்ச குத்திக்கிறாரு" என்று உங்களில் ஒருவர் சொன்னதும் காதில் விழுந்தது. டிப்ளமோ படித்துவிட்டு வந்தவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும். போன மாதத்தோடு நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். அந்தக் கோட்டுக்குக் காரணத்தைச் சொல்ல இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது.

எனக்குத் திட்டக்குடி பக்கம் ஊர். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பதினான்கு வயதில் கிளம்பியவன், லாரியில் கிளீனர், கல்யாண வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற வேலை, கடலூர் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பது, சிப்காட்டில் டிரம் உருட்டுவது என்று எது கிடைத்ததோ அதைச் செய்தேன். எந்த இடத்திலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை, எனக்குத்தான் கால் நிற்காது. பட்டினி கிடந்ததுண்டு, பஸ் ஸ்டாண்டில் படுத்ததுண்டு. அதை ஒரு கதையாகச் சொல்ல ஒன்றுமில்லை. என்னோடு படுத்திருந்தவர்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது ஒரு பஸ்ஸில். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வந்துகொண்டிருந்தேன். நல்ல பகல். முட்லூர் தாண்டியதும் முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவரின் கணுக்காலில் புடைத்துக்கொண்டிருந்த ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. ஊரில் இதை நரம்பு சுருட்டல் என்பார்கள். அது நரம்பு இல்லை, ரத்தக்குழாய் என்று அப்போது எனக்கும் தெரியாது. பஸ் தரையெல்லாம் ரத்தம். கண்டக்டர் தன் துண்டை எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். ரத்தம் இன்னும் வேகமாக வந்தது.

பின்னாலிருந்து ஒரு இளைஞர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "கட்ட அவுருங்க. தரையில படுக்க வச்சு கால மேல தூக்குங்க."

யாரும் அசையவில்லை. ரத்தம் வந்தால் கட்டுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அவிழ்க்கச் சொல்கிறவரை யார் நம்புவார்கள்? நான் அவிழ்த்தேன். பெரியவரைத் தரையில் படுக்க வைத்து, குதிகாலை என் தோளில் தூக்கி வைத்துக்கொண்டேன். அந்த இளைஞர் என் கட்டைவிரலைப் பிடித்து, மடித்த கைக்குட்டையின் மேல் ஓட்டை இருந்த இடத்தில் வைத்து அழுத்தினார். ரத்தம் நின்றுவிட்டது. மேலே போக வேண்டிய ரத்தத்தைக் கட்டு மறித்தால் அது ஓட்டை வழியாகத்தான் வரும். இந்தச் சின்னக் கணக்கு தெரியாமல் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

வேறு வண்டிக்குக் காத்திருக்காமல் பஸ்ஸையே நேராக ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார் அவர். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், சிப்காட், ஓ.டி. என்கிற பழைய டவுன் என்று ஒவ்வொரு ஊராக எண்ணிக்கொண்டே வந்தேன்.

"கை வலிக்குதா?" என்றார்.

"வலிக்குது சார்."

"வேற ஆள மாத்தலாமா?"

"மாத்துனா விரல் நகரும் சார்."

ஆஸ்பத்திரியில் பெரியவரை ஒப்படைத்த பிறகு என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றேன். எதுவரை படிப்பு என்றார். "பத்தாவது சார்" என்றேன். ஆறாவது என்றால் ஆஸ்பத்திரி வேலை தரமாட்டார்கள் என்று நினைத்தேன். அந்தப் பொய்க்கு வட்டி பிறகு கட்டினேன்.

அவர்தான் கால் ரத்தக்குழாய்களுக்கு வைத்தியம் பார்க்கிற நம் டாக்டர்; என்னைத் தன்னோடு வேலைக்கு வைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு என்னைவிட வயது குறைவு. இப்போதும் குறைவுதான். என் மனைவியின் தம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்: "எங்க மாமா இப்ப ஊரு ஜனங்க கால புடிச்சுப் பொழைக்கிறாரு." சொன்னது உண்மைதான். கால் தூக்கிப் பிடிப்பது, சவரம் செய்வது, மருந்தால் துடைப்பது, கட்டுப் போடுவது, ஊசி போட்டுக்கொண்டவர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பது எல்லாம் என் வேலை. ஒரே இடத்தில் இரண்டு வருஷம் நிற்காதவன் இங்கே இருபது வருஷத்துக்கு மேல் நின்றுவிட்டேன்.

சிதம்பரத்தில் அப்போது டாக்டருக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை. ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் தியேட்டரை வாடகைக்கு எடுத்துக்கொள்வோம். காலுக்கு ஸ்கேன் பார்க்கிற மெஷின் அங்கே கிடையாது. கண்ணும் கையும்தான். அதனால் குறி போடுவது பெரிய காரியம். நோயாளியை நிற்க வைத்தால்தான் ரத்தக்குழாய்கள் புடைத்துத் தெரியும். படுத்தால் எல்லாம் வற்றி மறைந்துவிடும். ஆகவே ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஸ்டூலின் மேல் நிற்க வைத்து, எங்கெங்கே கிளை பிரிகிறதோ அங்கெல்லாம் டாக்டர் பேனாவால் குறி போடுவார். தொடையிலிருந்து பெரிய குழாயை உருவி எடுப்பதற்குக் குறி தேவையில்லை. கிளைகளைக் கொக்கி போட்டு எடுப்பதற்குத்தான் தேவை. குறி இருக்கிற இடத்தில் அரிசி அளவு வெட்டு, ஒரு தையல், அவ்வளவுதான். குறி இல்லாவிட்டால் அது வெறும் கால்.

நான் சொல்லப்போகிற நாளில் ஆபரேஷனுக்கு வந்திருந்தவர் ஆரோக்கியமேரி அக்கா. சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் பதினெட்டு வருஷம் நின்றவர். "எங்க கடையில நாற்காலி கஸ்டமருக்குத்தான் தம்பி" என்பார். இடது காலில், உள் கணுக்காலுக்கு மேலே ஒரு புண். இரண்டு வருஷமாக ஆறவில்லை. வாடை வருகிறது என்று கஸ்டமர் ஒருவர் முகம் சுளித்ததால் குடோனில் பெட்டி பிரிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் நிற்க முடியவில்லை.

சவரம் செய்துகொண்டிருந்தபோது கேட்டேன், "எத்தன நாள் லீவுக்கா?"

"இருபது நாளு. தீபாவளி யாவாரம் தொடங்குது. இருபத்தொண்ணாவது நாளு பட்டு செக்‌ஷன்ல திரும்ப நான் நிக்கணும், இல்லன்னா வேற ஒருத்தி நிப்பா. மொதலாளி கெட்டவரு இல்ல. ஆனா அதுக்கு மேல அவுரும் காத்துக்கினு நிக்க மாட்டாரு."

அன்று காலையில் பழைய பேனா காய்ந்துபோயிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடைக்கு ஓடினேன். கடைக்காரர் இரண்டு பேனாவை எடுத்து வைத்தார். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே தடிமன். பக்கவாட்டில் ஆங்கிலத்தில் பொடி எழுத்து. "இதுவா, அதுவா?" என்றார். எனக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், ஆங்கிலம் வராது. கண்ணருகே வைத்துப் படிப்பதுபோலப் பார்த்தேன். "இதுதான்" என்று ஒன்றை எடுத்தேன். எது அழியும், எது அழியாது என்று அவரிடமே கேட்டிருக்கலாம். பத்தாவது படித்தவன் அதை எப்படிக் கேட்பான்?

டாக்டர் அக்காவை ஸ்டூலில் ஏற்றிக் குறி போட்டார். நான் மண்டியிட்டு டார்ச் பிடித்தேன். "எட்டு" என்று எண்ணி முடித்தார். எட்டாவது வெளிப்பக்கம், முழங்காலுக்குக் கீழே.

உள்ளே போய் முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. அக்கா விழித்துக்கொண்டுதான் இருந்தார். தியேட்டர் சிஸ்டர் காலைத் தூக்கிப் பிடிக்க, நான் துடைத்தேன். கணுக்காலிலிருந்து தொடைவரை சுற்றி நாலே இழுப்பு. அந்த வேகத்தில் எனக்கு ஒரு பெருமை உண்டு. நாலாவது இழுப்பு முடிந்து பஞ்சைப் பார்த்தேன். கரி பூசியது மாதிரி இருந்தது. காலைப் பார்த்தேன். புண்ணைத் தவிர சுத்தமாக, பிறந்த குழந்தையின் கால்போல இருந்தது.

ஒரு நொடி என் மனது என்னவெல்லாம் யோசித்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். மருந்து மேலே பழி போடலாம். அழுத்திப் பிடித்ததாக சிஸ்டர் மேலே போடலாம். எதுவும் சொல்லாமல் துணியைப் போர்த்திவிட்டு, டாக்டரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடலாம். அந்த நொடி உங்களுக்கும் வரும். அது ஒரு நொடிதான். அதற்குள் வாயைத் திறந்துவிடுங்கள், பிறகு திறக்க வராது.

"சார், குறி போயிடுச்சு. எட்டும். பேனா தப்பு. நான்தான் வாங்குனேன்."

டாக்டர் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றவர், காலைப் பார்த்தார். கத்தவில்லை. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரிடம், மேஜையைச் சாய்த்துக் காலைத் தொங்கவிடலாமா, ரத்தம் இறங்கினால் தெரியுமே என்று கேட்டார்.

"இப்பத்தான் பிரஷர் எறங்கி ஏறியிருக்கு. சாய்க்கிற வேலையே வேணாம்" என்றார் அவர்.

டாக்டர் திரைக்கு அந்தப் பக்கம் போய் அக்காவின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "அம்மா, கால்ல போட்ட குறி அழிஞ்சிடுச்சு. எங்க தப்பு. இன்னிக்கு நிறுத்திட்டு வேற நாள் வச்சுக்கலாம். இல்லன்னா, உறுதியா தெரிஞ்ச எடத்த மட்டும் செஞ்சிட்டு மீதிய அப்புறமா ஊசி போட்டு அடைச்சிடலாம். நீங்கதான் சொல்லணும்."

அக்கா மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்னொரு லீவு எனக்குக் கெடைக்காது டாக்டர். தெரிஞ்சத செய்யுங்க. தெரியாதத உட்டுடுங்க."

டாக்டர் திரும்பி வந்தார். "எனக்கு நாலுதான் உறுதியா ஞாபகம் இருக்குது. நான் பேனாவப் பாத்தேன். நீங்க கால பாத்தீங்க. ஏழுமலை, உங்களுக்கு எத்தன ஞாபகம் இருக்குது?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எழுதி வைத்துக்கொள்கிற பழக்கம் உள்ளவனுக்கு ஞாபகம் தேவையில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. லாரியில் போன காலத்திலிருந்து எதையும் ரோடாகத்தான் மனதில் வைப்பேன். காலும் எனக்கு ஒரு ரோடுதான். தொடையிடுக்கு கடலூர், கணுக்கால் சிதம்பரம். நடுவில் ஓடுகிற பெரிய குழாய் மெயின் ரோடு. குறி போட்ட இடமெல்லாம் ஸ்டாப்.

"ரோடு மாதிரி வச்சிருக்கேன் சார்" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்ச நாலையும் நான் சொல்ல மாட்டேன். நீங்க மேலேந்து வரிசையா சொல்லுங்க."

விரலை வைத்தேன். "இது ஓ.டி. இது சிப்காட். முட்டிக்கு மேல ரெண்டு விரல் தள்ளி ஆலப்பாக்கம்." டாக்டர் ஒவ்வொரு இடத்திலும் விரலால் தடவி, வற்றிய கிளை தோலுக்கு அடியில் விட்டிருந்த பள்ளத்தைத் தேடினார். தலையை ஆட்டினார். "புதுச்சத்திரம் இங்க. அதுக்குக் கீழ ஒரு சின்ன ஸ்டாப். முட்லூர் கொஞ்சம் பின்னால, ஆடுசதையில."

திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "பரங்கிப்பேட்டைக்குப் போறதுன்னா முட்லூர்லதான் எறங்கி மாறணும் தம்பி."

சிஸ்டர் சிரித்தார். டாக்டர்கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏழாவது சிதம்பரத்துக்கு முன்னாடி, புண்ணுக்கு மேல மூணு விரல்" என்றேன்.

டாக்டருக்குத் தெரிந்த நாலும் என் ஏழுக்குள் இருந்தன. மற்ற மூன்றிலும் விரலுக்குப் பள்ளம் தட்டுப்பட்டது. ஏழு இடத்திலும் திரும்பப் புள்ளி வைத்துக்கொண்டார், சிஸ்டரின் பையிலிருந்த அழியாத பேனாவால்.

"வெளிப்பக்கம் ஒண்ணு போட்டோம். அது?"

போட்டது ஞாபகம் இருந்தது. இடம்தான் இல்லை. மெயின் ரோட்டை விட்டு மேற்கே குறிஞ்சிப்பாடி பக்கம் பிரிகிற ரோடு மாதிரி அது. அந்த ரோட்டில் என் லாரி திரும்பியதே இல்லை. என் விரல் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் போய், தோலைத் தொடாமல் நின்றது. அந்த இடத்தில்தான் பாதத்தை மேலே தூக்குகிற நரம்பு, இது நிஜமான நரம்பு, தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. டாக்டர் நூறு முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கே குருட்டாம்போக்கில் கொக்கியை விட்டால் பாதம் தொங்கிப்போகும். நிற்பதற்காக வந்தவர் இழுத்து இழுத்து நடக்க வேண்டியதுதான்.

எல்லோரும் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழும் சரி. இன்னும் ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட்டால் காலையில் நான் செய்த தப்பு தடம் தெரியாமல் போய்விடும். எட்டும் சொன்ன ஏழுமலை என்று பேர் வரும். தப்பு செய்தவனுக்கு அதை உடனே ஈடுகட்டிவிட வேண்டும் என்று ஒரு வெறி வரும். அது நல்ல எண்ணம்போலவே இருக்கும். தப்பைவிட அதுதான் ஆபத்து என்று அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் விரல் தோலைத் தொட மறுத்ததால் தெரிந்துகொண்டேன்.

"தெரியல சார்."

"ஏறக்குறைய?"

"ஏறக்குறையவும் வேணாம் சார்."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏழு போதும். ஆரம்பிக்கலாம்" என்றார்.

ஆபரேஷன் முடிந்து அக்காவை வார்டுக்கு அனுப்பிய பிறகு டாக்டர் அந்தப் பேனாவைக் கேட்டார். வாங்கிப் பக்கத்திலிருந்ததைப் படித்தார். "இது ஸ்கூல்ல வெள்ளப் பலகையில எழுதிட்டு அழிக்கிற பேனா. இதுலயே போட்டிருக்குதே."

"எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது சார். நான் பத்தாவது இல்ல. ஆறாவது."

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போனால் என்ன, எத்தனையோ வேலை போயிருக்கிறது, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப எனக்குப் பத்து நிமிஷம் ஆகாது. ஆனால் அன்றைக்கு முதல்முறையாக ஒரு இடத்தை விட்டுப் போக மனதில்லாமல் நின்றேன்.

டாக்டர் பேனாவை மூடினார். "தெரியலன்னு உள்ள சொன்னீங்க இல்ல, அதையே கடையிலயும் சொல்லியிருந்தா இந்த வேலையே இல்ல" என்றார். பேனாவைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கைகழுவப் போனார். படிப்பைப் பற்றி அதற்குப் பிறகு ஒருநாளும் பேசியதில்லை. நான்தான் அன்றிலிருந்து கையில் கோடு போட்டுப் பார்த்துவந்தேன். மருந்துப் புட்டி எதுவானாலும் சிஸ்டரிடம் நீட்டி, "வாய்விட்டுப் படிங்க சிஸ்டர், எனக்கு வராது" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவந்தேன். வெட்கம் இரண்டு நாள் இருந்தது.

பதினெட்டாம் நாள் அக்கா கடலூரில் நம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். புண் சுருங்கி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வந்திருந்தது. மீதியிருந்த எட்டாவதுக்கு ஊசி. ஸ்டூலில் ஏறி நின்றார். கொஞ்ச நேரத்தில் வெளிப்பக்கத்தில் அந்தக் கிளை மெல்ல எழுந்து வந்தது. நான் டார்ச்சைப் பிடித்தபடி பார்த்தேன். அன்று என் விரல் நின்ற இடத்திலிருந்து நன்றாக இரண்டு விரல் பின்னால் தள்ளி இருந்தது. என் விரல் நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. அதாவது, நரம்பைத் தவிர ஒன்றுமே இல்லை.

டாக்டரும் பார்த்தார். பேனாவை என்னிடம் நீட்டினார். "போடுங்க" என்றார். அந்த எட்டாவது குறியை நான்தான் போட்டேன். அவர் சரிபார்த்துவிட்டு ஊசியைப் போட்டார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான். எனக்கு அது போதும்.

ஊசி போட்டவுடன் விரலடியிலிருந்து மேலே கட்டுப் போட்டு, அரை மணி நேரம் நடக்க வைக்க வேண்டும். மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி இருவரும் நடந்தோம். அக்கா வேகமாக நடந்தார். நான் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். குதிகால், விரல், குதிகால், விரல். ஒழுங்காகத் தூக்கி வைத்தார்.

"என்னா தம்பி, கீழ ஏதாச்சும் உழுந்துடுச்சா? குனிஞ்சிக்கினே வரீங்க."

"இல்லக்கா." பிறகு சொன்னேன். "அன்னிக்கு நான் செஞ்சதுக்கு மன்னிச்சிக்கணும். உள்ள படுத்துக்கினு எல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. பயந்திருப்பீங்க."

"பயந்தேன்தான். குறி போச்சுன்னதும் பயம். அப்புறம் நீங்க ஓ.டி., சிப்காட்டுன்னு மடமடன்னு சொன்னீங்களே, அப்ப இன்னும் ஜாஸ்தி பயம். எங்க கடையிலயும் இப்படி ஒருத்தி இருக்கிறா. எந்தப் புடவையக் கேட்டாலும் இருக்குதும்பா. அப்புறந்தான் உள்ள போயி தேடுவா." நாலு அடி நடந்தார். "எட்டாவதுக்குத் தெரியலன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் பயம் போச்சு. இந்த ஆளு தெரியாதத தெரியலன்னு சொல்றாரு, அப்ப அந்த ஏழும் தெரிஞ்சுதான் சொல்லியிருக்காருன்னு கண்ண மூடிக்கிட்டேன்."

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் மனைவிக்குப் புடவை எடுக்க அந்தக் கடைக்குப் போனேன். பட்டுப் பிரிவில் கூட்டத்துக்கு நடுவே அக்கா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கஸ்டமர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"என்னா கலர் பாக்கலாம்?"

"தெரியலக்கா."

"அப்படி வாங்க" என்று அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் போட்டார். கடையில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பலகைக்கு அடியில், தரையில் ஊன்றிய குதிகாலின் மேல் அவருடைய இடது பாதம் அந்தப் பாட்டுக்கு மேலும் கீழுமாகத் தட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. எதிரே விரித்த புடவை எதையும் நான் பார்க்கவில்லை.